வினைமுற்று வரைக்கும் கண் போகாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து வீடமைப்பு ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"பேரன்புடையீர், வணக்கம். நமது குடியிருப்பின் பிரதான நீர்க்குழாயில் மேற்கொள்ளப்படவிருக்கும் பராமரிப்புப் பணிகளின் காரணமாக, வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை தண்ணீர் விநியோகம் இருக்காது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

தமிழில் ஒரு பிழை இல்லை. ஆனாலும் சனிக்கிழமை பத்து மணிக்கு அதே குழுவில் நாலு பேர் "தண்ணி வரலையே, உங்க வீட்ல வருதா?" என்று கேட்பார்கள். இவர்கள் எதையுமே படிப்பதில்லை என்று செயலாளர் சலித்துக்கொள்வார். அவர்கள் பார்த்தார்கள். குழுப் பட்டியலில் அவர்கள் கண்ணுக்குக் கிடைத்தது "பேரன்புடையீர், வணக்கம். நமது குடி…" என்ற ஒரு வரிதான். திறந்து பார்த்தவர்களும் இரண்டு வரி மேய்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். "இருக்காது" என்ற சொல் ஆறேழு வரிக்குக் கீழே, மரியாதைச் சொற்களுக்கு நடுவில் கிடக்கிறது.

தமிழ் வாக்கியம் சேதியைக் கடைசியில் வைக்கிறது. நடக்குமா நடக்காதா, உண்டா இல்லையா என்பதெல்லாம் வினைமுற்றில்தான் தெரியும். திரையைப் பார்க்கும் கண்ணோ தொடக்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. காகிதத்தில் இது பெரிய சிக்கல் இல்லை, திரையில் சிக்கல். அதே அறிவிப்பை இப்படி எழுதலாம்:

"தண்ணீர் இல்லை: சனிக்கிழமை காலை 9 – மாலை 5.
குழாய் பழுதுபார்க்கிறார்கள். வெள்ளி இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்."

வணக்கத்தை விட மனமில்லை என்றால் கடைசியில் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெருவிரல் நகம்

கண் ஏன் இப்படி அவசரப்படுகிறது என்று பார்க்க, கையை நேராக நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். நகத்தின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. கண் கூர்மையாகப் பார்ப்பது அந்த அளவைத்தான். திரை 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் அது 2 செ.மீ. சொச்சம் குறுக்களவுள்ள ஒரு வட்டம். 24 அங்குலத் திரையின் பரப்பில் ஏறக்குறைய 450இல் ஒரு பங்கு. மற்றதெல்லாம் மங்கல்தான். மங்கல் என்று நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் எங்கே பார்க்க நினைத்தாலும் நினைத்து முடிப்பதற்குள் கண் அங்கே போய்விடுகிறது.

போவதும் வழுக்கிக்கொண்டு இல்லை, தத்தித் தத்தித்தான். பிரெஞ்சுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜவால் 1870களின் கடைசியிலேயே இதை எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் கால் விநாடி போல நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். தாவல் 20, 30 மில்லி விநாடி. தாவிக்கொண்டிருக்கும்போது மூளை ஒன்றையும் வாங்கிக்கொள்வதில்லை. பத்துத் தாவலில் ஒன்று பின்னோக்கிப் போகும், சரியாகப் புரியவில்லை என்று திரும்பிப் பார்க்க.

எங்கே தாவுவது என்பதை அந்த மங்கலான பகுதிதான் சொல்கிறது. மங்கலில் எழுத்து தெரியாது. திட்டு தெரியும், வெற்றிடம் தெரியும், பளிச்சென்ற நிறம் தெரியும், அசைவு நன்றாகவே தெரியும். அதனால்தான் ஓரத்தில் ஓடும் விளம்பரம் கண்ணை இழுக்கிறது. அதே இடத்தில் தினமும் விளம்பரம் வந்தால் கண் பழகிப்போய், விளம்பரம் போலத் தெரிகிற எதையும் தாண்டிவிடும். முக்கியமான அறிவிப்பைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டு, பூப் படம் வைத்து, மின்ன விட்டால் யாரும் பார்க்காமல் போவது இதனால்தான்.

இன்னொன்று, கண் தேடிப் போவதைப் பொறுத்துப் பாதையே மாறும். சோவியத் ஆய்வாளர் அல்ஃபிரட் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வேறு வேறு கேள்வி கேட்டார். வயதைக் கேட்டால் கண் முகங்களில் சுற்றியது. வசதியைக் கேட்டால் உடைக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் போனது. கைப்பேசியில் வரும் சம்பளச் சீட்டும் அப்படித்தான். வேலை செய்தவர் தேடுவது கைக்கு வரும் தொகை. கிராணி, அதாவது கணக்கெழுதுபவர், தேடுவது பிடித்தம்: இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), முன்பணம். கிராணியின் வரிசைப்படி அடுக்கிய சீட்டில் தொழிலாளி தன் தொகையைக் கண்டுபிடிக்க அடிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு தொகையை மேலே ஏற்றினால் போதும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் குழுவினர் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து, இணையப் பக்கங்களில் கண் மேலே ஒரு நீள் கோடு, சற்றுக் கீழே ஒரு குட்டைக் கோடு, பிறகு இடது ஓரமாக இறக்கம் என்று போகிறது என்று காட்டினார்கள். ஆங்கில எஃப் எழுத்தின் வடிவம். இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் இடது ஓரத்தில் குவிப்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது சட்டம் இல்லை, நோயின் அறிகுறி. தலைப்போ இடைவெளியோ இல்லாத பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காத கண் அப்படி வழுக்கி இறங்குகிறது. தலைப்பு போட்டால் தலைப்புக்குத் தலைப்பு தாவும்.

வால் தெரியாத சொல்

ஆங்கிலச் சொல் பல, ஒரே நிறுத்தத்தில் நகத்துக்குள் அடங்கும். "தொழிலாளர்களுக்கான" அடங்காது, அதற்கு இரண்டு நகம் வேண்டும். கண் சொல்லின் முன்பாதியில் நின்றுவிட்டு, வாலை ஊகித்துக்கொண்டு தாவிவிடுகிறது. நம் மொழியில் பொருளைத் திருப்புவதே வால்தான். "அனுமதியுண்டு", "அனுமதியில்லை": முதல் நான்கு எழுத்தும் ஒன்று.

பொத்தான்களில் இது இன்னும் மோசம். "பதிவைச் சேமிக்கவும்", "பதிவை நீக்கவும்" என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான். சின்னக் கைப்பேசியில் இடம் போதாமல் இரண்டுமே "பதிவை…" என்று வெட்டப்பட்டால் அழிந்துபோனதற்கு யாரைக் கேட்பது? "சேமி", "நீக்கு" போதும். எதைச் சேமிப்பது என்பது மேலே தலைப்பிலேயே இருக்கிறது. "-வும்" போட்டால்தான் மரியாதை என்பது காகிதப் பழக்கம். பொத்தான் நம்மை ஏவுவதில்லை, நாம்தான் அதை ஏவுகிறோம்.

பட்டியலிலும் அப்படியே. "தைப்பூசத்திற்கான பேருந்து", "தைப்பூசத்திற்கான அன்னதானம்", "தைப்பூசத்திற்கான நன்கொடை" என்று மூன்று வரி இருந்தால் இடது ஓரத்தில் இறங்கும் கண்ணுக்கு மூன்றும் ஒரே வரி. "தைப்பூசம்" என்று ஒரு தலைப்பு போட்டு, கீழே பேருந்து, அன்னதானம், நன்கொடை.

மூணு சுழி, ரெண்டு சுழி

எழுத்து சின்னதானால் ஆங்கிலத்தில் படிக்கச் சிரமம். தமிழில் எழுத்தே வேறாகிவிடும். 12 பிக்சல் அளவில் புள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு பிக்சல், அதுவும் சாம்பல் நிறத்தில். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன ஆகும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையில் இருப்பது மேலே ஒரு சுழிதான், அது அடைந்துபோகும். துணைக்காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். தடித்த எழுத்தில் சுழியின் உள்வெளியே மூடிக்கொள்ளும். தலைப்பைத் தடிப்பாக்குவதைவிட ஒரு படி பெரிதாக்குவது நல்லது.

சில வடிவமைப்புச் செயலிகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டினால் துணைக்கால் தனியே நகர்ந்து "காலம்" என்பது "கரலம்" போல நிற்கும். தமிழுக்கு அந்த இடைவெளி எப்போதும் பூஜ்யம். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருவில் சாய்வுக்கென்று வரைந்த வடிவம் இல்லை, மென்பொருள் நிமிர்ந்ததைப் பிடித்துச் சாய்க்கிறது.

ஆங்கிலம் 16 பிக்சல் என்றால் தமிழ் 17 அல்லது 18 வையுங்கள். வரி உயரம் 1.6 மடங்குக்குக் குறைந்தால் மேல் வரியின் "கூ" கீழ் வரியின் "கீ"யின் தலையில் இடிக்கும். வரிக்கு ஆறு முதல் ஒன்பது சொல் வசதி. வலது ஓரத்தைச் சமப்படுத்தவே கூடாது. நம் சொற்கள் நீளம், ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் மிச்சமிருக்கும் நாலு சொல்லுக்கிடையில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் கண் இறங்கி அடுத்த வரிக்குப் போய்விடும்.

எழுத்துருவில் கஞ்சத்தனம் தேவையில்லை, நல்லவை இலவசமாகவே இருக்கின்றன: விண்டோஸில் நிர்மலா, கூகளின் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கணினியில் இணைமதி. கடைசியாகச் சொன்னதை வரைந்தவர் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன். பழைய லதாவைத் திரையில் சின்ன அளவில் பயன்படுத்துவதை நான் தவிர்ப்பேன்.

மஞ்சளும் குங்குமமும்

கோயில் திருவிழாப் படம் என்றால் மஞ்சள் பின்புலத்தில் சிவப்பு எழுத்து. மங்களகரம், சந்தேகமில்லை. ஆனால் நிறம் மாறுபட்டால் போதாது, வெளிச்சத்தில் வித்தியாசம் வேண்டும். இணைய அணுகல் நெறிமுறை அந்த வெளிச்ச விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்கிறது. சுத்த மஞ்சளில் சுத்த சிவப்பு 3.7தான். தலைப்புக்குத் தாங்கும், கீழே உபயதாரர் பெயர்களுக்குத் தாங்காது. அதே சிவப்பை இருட்டாக்கி, குங்குமத்தைக் குழைத்தது போன்ற அரக்குச் சிவப்பாக (குறியீடு 800000) மாற்றினால் 10க்கு மேல் போய்விடும். மங்களமும் கெடாது. நீலத்தில் சிவப்பு 2.1தான். போதாததற்கு இரண்டு நிறத்தையும் கண்ணாடிவில்லை ஒரே தூரத்தில் குவிக்க முடியாததால் எழுத்து மிதப்பது போலத் தெரியும்.

வெள்ளையில் சாம்பல் எழுத்து இப்போது நாகரிகம். எல்லை எங்கே என்றால், 767676 என்ற நிறக் குறியீடு தேறும், 777777 மயிரிழையில் தவறும். அதைவிட வெளிறினால் நாற்பது தாண்டியவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அலுத்துப்போவார்கள்.

அனுப்பும்போது ஒரு கேடு நடக்கிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகையில் வெளிச்ச விவரத்தை ஓரளவு காப்பாற்றி, நிற விவரத்தைக் குறைத்துவிடும். நிறத்தை மட்டும் நம்பி நிற்கும் எழுத்தின் விளிம்பு சேறாகிவிடும். குழுவுக்குக் குழு கைமாறும்போது யாராவது திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் இன்னும் கலங்கும். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. தேதி, நேரம், இடம் மூன்றையும் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைப்பது அதுதான்.

சிவப்பு என்றால் பாக்கி, பச்சை என்றால் கட்டியாயிற்று என்று நிறத்தை மட்டும் வைத்து சந்தா பட்டியல் போடாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12இல் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. ஆசியர்களில் அது குறைவு, ஆனால் இல்லாமலில்லை. "பாக்கி" என்று ஒரு சொல் சேர்ப்பதில் என்ன நட்டம்?

எடைமேடைக் கணக்கு

செம்பனை ஆலை எடைமேடையில் ஒரு லோரிக்கு மூன்று எண். குலையோடு 14,380 கிலோ, கொட்டிவிட்டுத் திரும்பும்போது 5,960, நிகரம் 8,420. ஒரு நாளைக்கு நாற்பது லோரி என்றால் 120 எண் ஒரே திரையில். இங்கே யாரும் படிப்பதில்லை, தவறு எங்கே என்று பார்க்கிறார்கள்.

எண்களை வலது ஓரம் ஒட்டி வையுங்கள். அப்போது 8,420க்கு நடுவில் 842 என்று ஒன்று விழுந்தால் அது குட்டையாகத் தெரியும், வாசிக்காமலே பிடிபடும். நடுவில் வைத்தால் அழகாக இருக்கிறது என்று நினைத்து எல்லாரும் நடுவில் வைக்கிறார்கள். அந்த அழகில் இரண்டு தப்பு மறைகிறது. இலக்கம் குறைந்தது தெரியாது என்பது ஒன்று. மற்றது எக்செலின் குணம்: யாராவது ஒரு கட்டத்தில் "8420 கிலோ" என்று தட்டினால் எக்செல் அதை எண்ணாகக் கொள்ளாது, எழுத்தாகவே கொள்ளும். கூட்டுத்தொகையில் சேர்க்காது, பிழை என்றும் சொல்லாது. ஆனால் நீங்கள் சீரமைப்பைத் தொடாமல் விட்டிருந்தால் எண்கள் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் தானாக ஒதுங்கும். இடப்பக்கம் தனியாக நிற்கும் அந்த ஒன்றைக் கண் உடனே பிடித்துவிடும். நடுவில் வைத்த கணமே அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. "கிலோ" என்ற சொல் பத்தியின் தலைப்பில் ஒரே ஒரு முறை.

கட்டத்துக்குக் கட்டம் கறுப்புக் கோடு வேண்டாம். கம்பி வலைக்குப் பின்னால் எண்களை நிறுத்தியது போல இருக்கும். பக்கத்தில் இருப்பவை ஒரு குழு என்று கண் தானாகவே எடுத்துக்கொள்ளும், 1923லேயே உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் எழுதிய விஷயம். ஐந்து வரிக்கு ஒரு மெல்லிய கோடு போதும், மூன்று எண் பத்திகளையும் நெருக்கி, லோரி எண்ணைச் சற்றுத் தள்ளி வையுங்கள். தலைப்பு வரியைத் திரை நகர்ந்தாலும் நகராதபடி உறைய வைக்க மறந்தால் முப்பதாவது லோரியில் எது வெறும் எடை, எது நிகரம் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

நீள எண்களை உடைத்து எழுதுங்கள். அடையாள அட்டையின் 12 இலக்கமும் 6-2-4 என்று உடைந்திருப்பதால்தான் எல்லாருக்கும் மனப்பாடம். வங்கிக் கணக்கு எண்ணையும் நாலு நாலாக. பட்டியலில் ஏழு வரிக்கு மேல் இருக்கக்கூடாது என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையைக் காட்டி மிரட்டுவார்கள், நம்ப வேண்டாம். அது நினைவில் வைத்துக்கொள்வதைப் பற்றியது. கண் முன்னே இருக்கும் பட்டியலை யாரும் நினைவில் வைப்பதில்லை.

கூட்டுறவுச் சங்க ஆண்டுக் கூட்டத்தில் செலவை வட்ட விளக்கப்படமாகக் காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். 1984இல் புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கிலும் செய்த சோதனையில், ஒரே கோட்டிலிருந்து எழும் பட்டைகளை ஒப்பிடுவதில் மக்கள் செய்த பிழையைவிடக் கோணத்தை ஒப்பிடுவதில் செய்தது அதிகம். பட்டை போடுங்கள், பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். 90இலிருந்து தொடங்கினால் 95, 100ல் பாதி போலத் தெரியும்.

மண்டபத்திலும் அறையிலும்

மண்டபத் திரைக்கு ஒரு கணக்கு: கடைசி வரிசை எத்தனை மீட்டரோ அத்தனை 6 மில்லிமீட்டர். கொம்பு, கொக்கி சேர்க்காமல் "க" என்ற எழுத்தின் உயரம் அது. 5 மீட்டருக்கு 3 செ.மீ., 12 மீட்டருக்கு 7 செ.மீ. சொச்சம். ஒன்றரை மீட்டர் உயரத் திரையில் வரி இடைவெளியோடு பத்து வரிக்கு மேல் ஏறாது. பதினெட்டு வரிக் கணக்கறிக்கையை அங்கே போட்டுவிட்டு "தெளிவா தெரியுதா?" என்று கேட்பது வீண்.

வரிசை எண் காட்டும் திரையில் எண் சத்தமில்லாமல் மாறினால் பாதிப் பேர் தவறவிடுவார்கள். கண் தாவும்போதோ இமைக்கும்போதோ நடக்கும் மாற்றம் நமக்குத் தெரிவதில்லை. மணி அடிக்க வேண்டும், புது எண் சில விநாடி மின்ன வேண்டும். அதே திரையில் கீழே செய்தி ஓட விட்டால் மின்னலும் பயன்படாது.

அலுவலகத்தில் சன்னல் முதுகுக்குப் பின்னாலும் கூடாது, திரைக்குப் பின்னாலும் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். கூரை விசிறி விளக்குக்குக் கீழே சுழன்றால் இறக்கையின் நிழல் திரையில் துடிக்கும், மாலைக்குள் தலைவலி. திரையை அணைத்துப் பாருங்கள், அந்தக் கறுப்பில் என்ன பிரதிபலிக்கிறதோ அதுதான் உங்கள் எதிரி. வெளிச்சமான அறையில் வெள்ளையில் கறுப்பு எழுத்தே கூர்மை, கண்பாவை சுருங்குவதால். இரவில் கூசினால் கறுப்புத் திரைக்கு மாறும் முன் பிரகாசத்தைக் குறைத்துப் பாருங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது, அதோடு விசிறிக் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் எரியும். விசிறியைத் திருப்பினாலே பாதி சரி.

தூரம் கை நீட்டினால் விரல்நுனி தொடும் அளவு. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே என்பது பொது விதி. ஆனால் இரட்டைக் கண்ணாடி போட்ட பெரிய கிராணிக்கு இது பொருந்தாது. கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால் அவர் மோவாயைத் தூக்கித் தூக்கித் திரையைப் பார்ப்பார், கழுத்து பிடித்துக்கொள்ளும். அவருக்கு மட்டும் திரையை நாலைந்து செ.மீ. இறக்கி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாயும்படி திருப்பி வையுங்கள். அடியில் முட்டுக்கொடுத்த பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகங்களை எடுத்தாலே அவ்வளவு இறங்கிவிடும்.